லைன் றோலர் கீச்சுச் சத்தம் போயிட்டுது

மீன்பிடிக்கிற என்னுடைய 4000 அளவு ஸ்பின்னிங் றீல் ஒருவழியாகச் சத்தமில்லாமல் சுற்றுகிறது. வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையிலேயே உழைக்கிற றீல் இது. வெறுமனே சுற்றினால் சத்தமே இல்லை, ஈயம் கட்டி இழுத்தால்தான் கீச்சிடும். கேட்பதற்குக் கைபிடிப் பக்கத்துச் சத்தம் மாதிரி இருந்தாலும் கோளாறு லைன் றோலரில், அதாவது நூல் வளைந்து சுருளுக்குப் போகிற சின்ன உருளையில். பாரம் விழும்போது மட்டும் கீச்சிடுகிற றீலென்றால் முதலில் அங்கே பாருங்கோ.

றோலரில் மார்க்கர் பேனையால் ஒரு புள்ளி வையுங்கோ. ஒரு துண்டுத் தங்கூசியை மேலால் போட்டு, இரண்டு நுனியையும் இறுக்கிப் பிடித்து அப்படியும் இப்படியும் இழுங்கோ. என்னுடையதில் புள்ளி அசையவேயில்லை. விரலால் தட்டினால் சுற்றும், நூல் இறுகினால் நிற்கும். நின்றுபோன றோலரில் பிறெய்ட் (பின்னல் நூல்) ஒரே இடத்தில் உரசி நார் கிளம்பும், முறுக்கும் ஏறும்.

றீலிலேயே கூட உப்புக் குடிக்கிறது இந்த இடம்தான். நனைந்த நூல் முழுக்க இதற்கு மேலால்தான் வளைந்து போகிறது. அதில் வடிகிற தண்ணீர் பெயாரிங்குக்குள் இறங்கிக் காய்ந்துவிடும். ட்ராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற பிறேக்கை) இறுக்கிப் பைப் தண்ணியில் மெதுவாகக் கழுவுகிறது எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் உள்ளே கட்டிபட்ட உப்பு அதற்கு அசையாது.

கழற்றினால் உள்ளே மண்ணிறச் சேறும் வெள்ளைப் பொருக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பெயாரிங்கை நேரே பெற்றோலிலோ தின்னரிலோ போட்டுவிட்டு, "ஊறியும் சுற்றுதில்லை, புதுசு வாங்கு" என்கிறார்கள். பெற்றோல் கிறீஸைத்தான் கரைக்கும், உப்பைக் கரைக்காது. உப்புக்குத் தண்ணீர்தான் மருந்து. அதனால் நான் மூன்று கட்டமாகச் செய்தேன். முதலில் தின்னரில் குலுக்கிப் பழைய கிறீஸை எடுத்தேன். பிறகு இளஞ்சூட்டு நல்ல தண்ணீரில், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவிட்டேன். கடைசியில் ஐசோபுறொப்பைல் அல்கஹோலில் முக்கி ஈரத்தை எடுத்து, உடனே மின்விசிறிக் காற்றில் காயவைத்தேன். இரண்டாவது கட்டத்தில் பல்லுக்குத்தும் குச்சியால் உள்வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கவேணும். முதலில் மணலை அரைக்கிற மாதிரி நறநறக்கும், பிறகு இளகும். அந்த இளக்கம் விரலில் தெரிகிற நேரம் இருக்கே, அதற்காகவே எத்தனை றீலும் கழற்றலாம்.

பூட்டும்போது ஒயிலா கிறீஸா என்பது பழைய சண்டை. ஒயில் போட்டால் இலகுவாக ஓடும், ஆனால் சீக்கிரம் கழுவுப்பட்டுப் போகும். கரையில் நின்று அலைச் சாரல் வாங்குகிறவனுக்கு மரீன் கிறீஸ்தான் சரி என்பது என் முடிவு. கொஞ்சம் இறுக்கமாக ஓடினாலும் உப்புத்தண்ணி உள்ளே போக இடமில்லை. கைபிடி பின்னுக்குச் சுற்றாமல் தடுக்கிற கிளட்ச் பெயாரிங்குக்கு மட்டும் கிறீஸ் கிட்டவும் போகக்கூடாது. உருளைகள் வழுக்கினால் கைபிடி பின்னுக்குச் சுற்றும். அதற்கு மெல்லிய ஒயில் ஒரு சொட்டுப் போதும்.

தேறாத பெயாரிங்கை மாற்றுவதென்றால் றீலின் பெயரைச் சொல்லித் தேடவேண்டியதில்லை, வெர்னியரால் அளந்து பெயாரிங்கின் இலக்கத்தைச் சொன்னால் போதும். எம்ஆர்74இசட்இசட் என்றால் உள்விட்டம் 4 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 7, இரண்டு பக்கமும் தகர மூடி. 2ஆர்எஸ் என்றால் றப்பர் மூடி. தடிப்பையும் அளந்துகொண்டு போங்கோ, அதில்தான் கடைக்காரர் தடுமாறுவார்கள். கைவசம் இரண்டொன்று வைத்திருக்கக் கொழும்பில் இரும்புச் சாமான் கடைகள் இருக்கிற பழைய சோனகத் தெருவில் ஒரு நடை போகவேணும். துருப்பிடிக்காத உருக்கு என்று எழுதியிருக்கிறதை முழுக்க நம்பாதேங்கோ. 440சி என்கிற துருப்பிடிக்காத உருக்குப் பெயாரிங்கும் கடல் தண்ணியில் துருப்பிடிக்கும்.

இந்தத் தென்மேல் காற்றுக்குக் கடல் கொந்தளிப்பு அடங்கும்வரை காலிமுகத்திடல் பக்கமும் வேலையில்லை. அதனால் கரையிலிருந்து தூர வீசுகிற பெரிய சேர்ஃப் றீலின் ட்ராக்கையும் கழற்றியாச்சு. கார்பன் வாஷர்களை வரிசை மாறாமல் ஒரு கம்பியில் கோத்து வைத்திருக்கிறேன். ட்ராக் கிறீஸ் கைக்கு வந்ததும் பூட்டவேணும்.