ஹோமாலஜிக்குத் தெரியாத வளர்ச்சி

ஜனவரி 9

ஒரு பரப்பை அதன் மேலேயே திரும்பத் திரும்ப உருமாற்றினால் அதிலுள்ள வளையங்கள் நீள்கின்றன. அந்த வளர்ச்சியில் எவ்வளவு ஹோமாலஜிக்கு (வளையம் துளைகளை எப்படிச் சுற்றுகிறது என்பதை மட்டும் கூட்டிக் கழித்து எண்ணும் கணக்கு) தெரியும் என்று பார்க்கிறேன். டோரஸிலிருந்து (வடை வடிவப் பரப்பு) தொடங்கினேன். (2, 1), (1, 1) என்ற நிரைகள் கொண்ட அணி அதன் மேல் ஓர் உருமாற்றத்தைத் தருகிறது. புள்ளியாகச் சுருக்க முடியாத எந்த வளையத்தை எடுத்தாலும், திரும்பத் திரும்பச் செய்கையில் நீளம் ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 2.618 மடங்காகிறது. அணியின் பெரிய ஐகன் மதிப்பும் (திசை மாறாமல் நீட்டும் மடங்கு) அதே எண்தான். ஹோமாலஜியைப் பார்த்தாலே வளர்ச்சி முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

ஜனவரி 11

துளைகள் கூடினால் நிலைமை வேறு. பரப்புகளின் உருமாற்றங்களை வகைப்படுத்தும் தர்ஸ்டன் வகைப்பாட்டில் சுவையானது சூடோ-அனோசோவ் வகை: வளையங்களெல்லாம் லாம்டா என்ற வீதத்தில் நீள்கின்றன, லாம்டாவின் மடக்கையே என்ட்ரோபி (கொந்தளிப்பின் அளவு). உருமாற்றம் ஹோமாலஜியில் தரும் அணியின் மிகப்பெரிய ஐகன் மதிப்பு, அளவில், லாம்டாவைத் தாண்டாது. எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதுதான் என் கேள்வி.

ஜனவரி 14

1 வரை இறங்கலாம்! இன்று முழுக்க இந்தக் கணக்குதான்.

பரப்பை இரண்டாகப் பிரிக்கும் வளையத்தின் மேல் செய்யும் டேன் முறுக்கு (வளையத்தின் வழியே வெட்டி, ஒரு முழுச் சுற்றுத் திருப்பி ஒட்டுவது) ஹோமாலஜியில் எதையும் அசைக்காது. அப்படிப்பட்ட இரண்டு வளையங்களை, சேர்ந்து பரப்பைத் துளையில்லாத தகடுகளாக வெட்டிவிடும்படி எடுத்து, ஒன்றில் ஒரு பக்கமும் மற்றதில் எதிர்ப்பக்கமும் முறுக்கினால் சூடோ-அனோசோவ் கிடைக்கிறது. அவை ‘ம’ புள்ளிகளில் வெட்டினால், லாம்டாவையும் அதன் தலைகீழியையும் கூட்ட ம² + 2 வரும். இரு துளைப் பரப்பில் ம 4-க்குக் கீழே போகவே முடியாது. எனவே லாம்டா 17-க்கு மேல். ஹோமாலஜியிலோ எதையும் மாற்றாத வெறும் அலகு அணி. இவ்வளவு கொந்தளிப்பும் அதன் கண்ணில் படவே இல்லை.

ஜனவரி 15

ஹோமாலஜியை அசைக்காத உருமாற்றங்கள் சேர்ந்தது டொரெல்லி குலம். அதிலுள்ள சூடோ-அனோசோவ் எதற்கும், துளைகள் எத்தனை இருந்தாலும், என்ட்ரோபி 0.197-க்கு மேல் என்று ஃபார்ப், லைனிங்கர், மார்கலிட் 2008-இல் நிறுவினார்கள். பரப்பின் எல்லா உருமாற்றங்களும் சேர்ந்த மொத்தக் குலத்திலோ மிகச்சிறிய என்ட்ரோபி துளை எண்ணிக்கைக்குத் தலைகீழாகக் குறைந்துகொண்டே போகிறது (பென்னர், 1991). ஹோமாலஜிக்குத் தெரியாமல் இருக்க ஒரு விலை கொடுத்தாக வேண்டும்.

ஜனவரி 20

முடிவுறு கவர்களுக்கு (பரப்பின் மேல் சில அடுக்குகளாகப் படியும் இன்னொரு பரப்பு) ஏறிப் பார்க்கலாம். கீழே பரப்பைப் பிரித்த வளையம் மேலே பிரிக்காத வளையமாகலாம். அப்போது ஹோமாலஜிக்கு அது தென்படும். எல்லாக் கவர்களையும் பார்த்தால் லாம்டா முழுதும் மீளுமா? மக்முல்லன் 2013-இல் தந்த பதில் கறாரானது: சூடோ-அனோசோவ் பரப்பை நீட்டும் திசையில் ஓடும் இழைகளில் ஒற்றைப்படைக் கிளைகள் உள்ள ஒரு புள்ளி இருந்தாலும் மீளாது, எந்தக் கவரும் லாம்டாவை நெருங்கக்கூட முடியாது. அப்படிப் புள்ளி இல்லையென்றால் அதிகம் போனால் ஓர் இரட்டைக் கவரே (இரண்டடுக்குக் கவர்) போதும்.

ஜனவரி 27

லாம்டா கிடைக்காவிட்டாலும், 1-ஐத் தாண்டவாவது முடியுமா? முடியும் என்று யி லியு நிறுவியிருக்கிறார் (வெளியானது 2020): சூடோ-அனோசோவ் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவுறு கவர் உண்டு, அங்கே ஹோமாலஜியின் ஐகன் மதிப்பு 1-ஐ மிஞ்சும். டொரெல்லியில் இருப்பவையும் விலக்கல்ல. இவ்வளவு பொதுவான விடை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்து 14-ஆம் தேதி எழுதிய உருமாற்றத்துக்கே அப்படி ஒரு கவரைக் கையால் கட்டிப் பார்க்கப் போகிறேன்.