வேலையில்லாத மாதங்களில் ட்ரோன் பேட்டரி: மன்னார்குடிப் பக்கத்து நாட்குறிப்பு

மார்ச் 18, 2025, செவ்வாய்

உளுந்துக்கு இரண்டாவது டிஏபி தெளிப்பு இன்றோடு முடிந்தது. இனி குறுவைக்கு நானோ யூரியா தெளிக்கக் கூப்பிடும் வரை ட்ரோனுக்கு வேலை இல்லை. ஜூலை ஆகிவிடும். எனக்குக் கவலையே இந்த மாதங்கள்தான். பறந்து தேய்வதைவிட, கவனிப்பில்லாமல் கிடந்து வீணாகும் பேட்டரிகள் பக்கத்து ஊர்க் குழுக்களில் நிறைய. மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் தரும் மத்திய அரசின் நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் ட்ரோனோடு கூடுதலாக 4 செட் பேட்டரி தருகிறார்கள். அவை போனால் புதிது வாங்குவது குழுப் பணத்தில்தான்.

எங்களுடையது 10 லிட்டர் டேங்க். 6 செல் (உள்ளே ஆறு சிறு மின்கலம்) கொண்ட லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்துப் பறக்கவிடுகிறோம். ஒரு செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், ஆக பேட்டரிக்கு 25.2. எடுத்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 முதல் 3.85 வரை இருக்க வேண்டும். பேட்டரிக்குக் கணக்கிட்டால் 22.8 முதல் 23.1. கிட்டத்தட்டப் பாதிச் சார்ஜ்.

“ஃபுல்லா போட்டு வெச்சா அவசரத்துக்கு ஆகுமேம்மா” என்று குழுத் தலைவி அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் முழுச் சார்ஜில் கிடந்தால் உள்ளே மின்சாரம் கடத்தும் எலக்ட்ரோலைட் சிறுகச் சிறுகச் சிதையும், வாயு உண்டாகும், பேட்டரி உப்பும். அதற்காக முழுக்க இறக்கி வைக்கவும் கூடாது. தானாகவே இன்னும் கொஞ்சம் இறங்கும். செல் 3 வோல்ட்டுக்கும் கீழே வெகுவாகப் போய்விட்டால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜரும் அதை ஏற்காது. இதையெல்லாம் சொன்னதும் அக்காவே ஒவ்வொரு ஜோடிக்கும் பெயின்டில் எண் போட்டுக் கொடுத்தார்.

மார்ச் 19, புதன்

இன்றைக்கு மூன்று ஜோடி முழுச் சார்ஜில் இருந்தன. சார்ஜரின் ஸ்டோரேஜ் மோடில் (எடுத்து வைக்கும் அளவுக்குக் கொண்டுவரும் அமைப்பு) போட்டால் தானே இறக்கிவிடும், ஆனால் பெரிய பேட்டரிக்கு அது சரிப்படாது. 22,000 எம்ஏஎச் (மில்லிஆம்பியர்-மணி) பேட்டரியில் ஏறக்குறைய 490 வாட்-மணி ஆற்றல் இருக்கிறது. பாதியை வெளியேற்ற வேண்டும் என்றால், சார்ஜர் 30 வாட் வேகத்தில் 8 மணி நேரம் ஓடணும். அதனால் டேங்கில் வெறும் தண்ணீர் ஊற்றி எங்கள் வயலிலேயே பறக்கவிட்டு இறக்கினேன். தண்ணீர் ஓடுவதால் குழாயும் நாசிலும் கழுவிய மாதிரி ஆயிற்று.

சூடு ஆறிய பிறகு ஒவ்வொரு செல்லையும் அளந்து நோட்டில் எழுதினேன். கனெக்டர்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தேன். உரக்கரைசல் படிந்த இடத்தில் பச்சை பூத்துவிடும். அப்புறம் பறக்கும்போது அந்த இடம்தான் சூடாகும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அளந்தேன். எல்லாப் பேட்டரியும் 22.8 வோல்ட்டுக்கு மேலேதான். மூன்றாம் ஜோடியில் ஒரு செல் மட்டும் 3.76. மற்றவை 3.82. குறித்து வைத்தேன்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது. பேட்டரிகளை மாடித் தகரக் கொட்டகையிலிருந்து தூர வைத்ததே நான் செய்ததில் பெரிய காரியம் என்று நினைக்கிறேன். வெப்பம் 10 டிகிரி கூடினால் உள்ளே நடக்கும் சிதைவும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரிக்குக் கேடு நிச்சயம். ஓட்டு வீட்டின் நடு அறையில், வெயில் படாத சுவரோரம், இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் வைக்கோலோ மண்ணெண்ணெயோ இல்லை. பெட்டி இரும்பாக இருப்பதற்கு எலியும் ஒரு காரணம். ஒவ்வொரு செல்லிலிருந்தும் வரும் மெல்லிய பேலன்ஸ் வயரைக் கடித்தால் ஷார்ட் ஆகிவிடும்.

பிரிட்ஜில் வைக்கலாமே என்று கொழுந்தனார் கேட்டார். வெளியே எடுத்ததும் இந்த ஊர்க் காற்றில் வியர்த்துவிடும். கனெக்டருக்குள் ஈரம் இறங்கும். வேண்டாம் என்றேன்.

மே 19, திங்கள்

மூன்றாம் ஜோடியில் அந்தப் பேட்டரி நடுவில் லேசாக உப்பியிருக்கிறது. அந்தச் செல் 3.61-க்கு இறங்கிவிட்டது. இனி இதற்குச் சார்ஜ் கிடையாது. அமுக்கவோ குத்தவோ கூடாது. தனி இரும்பு வாளியில் மணல் போட்டு, வெளியே நிழலில் வைத்துவிட்டேன்.

மீதி இருக்கும் ஒற்றையைப் புதுப் பேட்டரியோடு ஜோடி சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் போகும், பழையது முதலில் காலியாகும். மொத்த வோல்ட்டைப் பார்த்தால் தெம்பாகத்தான் தெரியும், ட்ரோன் வயல் நடுவில் விழும்.

ஜூன் 12, வியாழன்

மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். ஊரே கலகலப்பாகிவிட்டது. பெட்டியைத் திறந்து அளந்தேன். மற்ற ஜோடிகள் எல்லாம் 22.7-க்குக் குறையவில்லை, செல்களுக்குள் வித்தியாசம் 0.02-க்குள். செல்லின் உள் மின்தடையைக் காட்டும் மில்லிஓம் கணக்கும் மார்ச்சில் எழுதியதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அக்காவிடம் நோட்டைக் காட்டினேன், அவருக்கும் சந்தோஷம்.

இப்போதே முழுதாக ஏற்றப் போவதில்லை. தெளிப்புக்கு நாள் குறித்ததும், முந்தைய நாள் மாலை, வழக்கத்தைவிட மெதுவாக, எல்லாச் செல்லும் ஒரே அளவுக்கு ஏறும் பேலன்ஸ் சார்ஜில் போடுவேன். முதல் பறத்தல் தண்ணீரோடு, ஆள் உயரத்துக்கு மேலே போகாமல், வோல்ட் எப்படி இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டு.

உப்பிய பேட்டரியை விற்றவரிடமே திருப்பித் தர நாளை மன்னார்குடி போகிறேன். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ரசீதின் நகலையும் எடுத்துக்கொண்டேன்.