நுனி நாக்கில் நிற்கும் அறிவுரை

மார்ச் 3
உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957-இல் எழுதிய ஒரு கட்டுரையையே மனம் சுற்றிச் சுற்றி வருகிறது. மனநல ஆலோசகர் போலித்தனமில்லாமல் இருக்க வேண்டும், எதிரில் இருப்பவரை நிபந்தனை போடாமல் ஏற்க வேண்டும், அவர் நிலையிலிருந்து புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த ஏற்பும் புரிதலும் அவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேர வேண்டும் என்கிறார். வீட்டாரிடம் நான் கோட்டை விடுவது இந்தக் கடைசி இடத்தில்தான். மனதுக்குள் புரிந்துகொள்கிறேன், வாயிலிருந்து வருவது அறிவுரை.

மார்ச் 5
மகன் தங்கையை அடிக்கக் கை ஓங்கினான். குழந்தைகளை விளையாட விட்டே அவர்கள் மனதைப் புரிந்துகொள்ளும் விளையாட்டுவழி சிகிச்சையில் காரி லேண்ட்ரெத் சொல்லும் வரிசையைப் பிடித்துக்கொண்டேன்: முதலில் உணர்வு, அப்புறம் எல்லை, அப்புறம் மாற்று வழி. "உனக்குக் கோபம் கோபமா வருது. ஆனா தங்கச்சியை அடிக்கக் கூடாது. வேணும்னா அந்தத் தலையணையை அடி." அவன் தலையணையைத் தொடவே இல்லை, உட்கார்ந்து அழுதான். ரொம்ப நேரம் கழித்துத்தான், தான் வரைந்ததை அவள் கிழித்துவிட்டாள் என்று சொன்னான். வழக்கம்போல் கத்தியிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. கோபத்தை ஏற்பது வேறு, அடியை அனுமதிப்பது வேறு. இத்தனை நாள் இரண்டையும் சேர்த்தே அடக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9
பெரியவர்களிடம்தான் கஷ்டம். அம்மா போனில் முழங்கால் வலி என்று ஆரம்பித்ததும் மாத்திரை போட்டியா, டாக்டரைப் பார்த்தியா என்று அடுக்கினேன். "நீ கேக்கவே இல்லை" என்று வைத்துவிட்டார்.

மார்ச் 10
ஆலோசகருக்கும் வந்தவருக்கும் இடையிலேயே இப்படி விரிசல் விழுவது சகஜம். அதை மூடி மறைக்காமல், தன் பங்கை ஒப்புக்கொண்டு பேசுவதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான் என்று உளவியலாளர்கள் ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோபர் முரானும் எழுதியிருக்கிறார்கள். சரி என்று நானே கூப்பிட்டேன். "நேத்து உன்னைப் பேச விடாம குறுக்கே குறுக்கே பேசிட்டேன்மா." கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வலி பெரிசில்லை, ராத்திரி தனியா முழிச்சிருக்கிறதுதான்..." என்றார். தீர்வு எதுவும் சொல்லாமல், "ராத்திரி ரொம்ப நீளமா இருக்காம்மா?" என்று மட்டும் கேட்டேன். நிறையப் பேசினார்.

மார்ச் 12
ஆலோசகருக்கு நேரம் குறித்த சந்திப்பு உண்டு, முடிந்ததும் கதவு மூடும். வீட்டில் அப்படி இல்லை, நான் இங்கே யாருக்கும் ஆலோசகரும் இல்லை. இன்று களைப்பில், கேட்பதுபோல் தலையாட்டாமல், "இப்ப கேக்கத் தெம்பு இல்லைடா, சாப்பிட்டதும் கேக்கறேன்" என்று மகனிடம் சொல்லிவிட்டேன். போலித்தனமில்லாமல் இருப்பதில் இதுவும் சேர்த்தி என்றே நினைக்கிறேன். கை கழுவித் திரும்பினால், அவன் காத்துக்கொண்டு நிற்கிறான்.