நூறு குழி, நூறு ரு

ஒரு நிலத்தின் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்று வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். முதல் முறை, தஞ்சாவூர்ப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகம் ஒன்றில், அப்பாவின் நஞ்சையில் எனக்கு வர வேண்டிய பங்கைத் தம்பிகளுக்கு எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரம். இரண்டாவது முறை, சென்ற வாரம், மத்திய ஜாவாவின் கிளாத்தென் நகரில், குளிரூட்டிய அறையில் ஒரு நோட்டரியின் முன்னால். அங்கே பெருவிரல் மையைத் துடைக்கச் சுவர்தான் இருந்தது. இங்கே காகிதக் கைக்குட்டையும், மல்லிகை மணக்கும் இனிப்புத் தேநீரும் தந்தார்கள். மற்றபடி பெரிய வேறுபாடு இல்லை.

கிராமத்திலிருந்து புறப்பட்டுப் பெரிய சாலையைத் தொடுவதற்குள் ஏழு பேர் ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்டார்கள். இந்த ஊரில் அது வணக்கம் சொல்வதற்குச் சமம். ‘பாதே திண்டாக் புண்டி?’ என்று மரியாதை மொழியில் கேட்பார்கள். ‘அங்கேதான்’ என்று சொன்னால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பூண்டி மாதா கோயிலுக்கு ஒரு திருவிழாவும் தவறாமல் போன என் பாட்டி, சகுனத்தை மட்டும் விடாதவள். அவளாக இருந்தால் முதல் கேள்விக்கே திரும்பி வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பியிருப்பாள். நானும் ஏழு முறை அப்படி உட்கார்ந்து எழுந்திருந்தால் நோட்டரி கடையைக் கட்டியிருப்பார், கையெழுத்தும் தப்பியிருக்கும்.

விஷயம் இதுதான். இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச் சட்டப்படி, தனிமனிதர்களில் குடிமக்கள் மட்டுமே ‘ஹாக் மிலிக்’ எனப்படும் முழு உடைமையாக நிலம் வைத்திருக்கலாம். கோயம்புத்தூருக்கு வேளாண்மை படிக்க வந்த ஜாவாக்காரரை 2012-இல் மணந்துகொண்டு வந்த என்னிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு. கணவருக்குத் தகப்பன் வழியில் வந்த வயல் அவருடையது மட்டுமே என்பதால் அதில் சிக்கல் இல்லை. ஆனால் திருமணத்துக்குப் பின் விலைக்கு வாங்குவது இருவருக்கும் பொதுச் சொத்தாகிவிடும். பொது என்றால் பாதி வெளிநாட்டுக்காரிக்கு என்றாகும். ஆகவே ‘இவர் வாங்குவதில் எனக்குப் பாத்தியதை இல்லை’ என்று நான் தனியே ஒப்பந்தம் எழுதித் தந்தால்தான் அவராலேயே வாங்க முடியும். முன்பெல்லாம் அதைத் திருமணத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டும். பின்னாலும் எழுதலாம் என்று 2016-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்னைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய வரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன்.

வாங்கப்போவது எங்கள் வயலை ஒட்டிய ஒரு துண்டு. விற்பவர் முதியவர், சதுர மீட்டர் அவர் வாயில் வராது. ‘நூறு ரு’ என்றார். ரு என்பது டச்சுக்காரர் காலத்து அளவு. பதினான்கு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோது என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர்க் குழி 144 சதுர அடி, அதாவது பதின்மூன்றரை சதுர மீட்டருக்கு ஒரு நூல் குறைவு. நான் தம்பிகளுக்கு எழுதிக்கொடுத்தது ஒரு மா, நூறு குழி. கடல் கடந்து வந்தும் அதே அகலத்துக்குத்தான் விடுதலை எழுதியிருக்கிறேன்.

இதில் என்னைச் சுட்டது சட்டம் அன்று, நாத்தனார். மாமனார் இறந்த ஆயிரமாவது நாள் சடங்கு முடிந்தபின் பங்கு பிரித்தார்கள். ‘செபிக்குல் செகெண்டோங்ஙான்’ என்று இங்கே ஒரு வழக்கு உண்டு: ஆண் காவுதடியில் இருபுறமும் சுமக்கிறான், அவனுக்கு இரண்டு சுமை, பெண் சேலைத்துண்டில் கட்டி முதுகில் சுமக்கிறாள், அவளுக்கு ஒன்று. இரண்டுக்கு ஒன்று என்பது நியாயமா என்று நான் மனத்துக்குள் கொதித்துக்கொண்டிருக்கையில், அம்மாவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான் என்று குடும்பமே பேசிச் சமபாகமாக்கியது. வாய்க்காலை ஒட்டிய நல்ல துண்டு அவளுக்குப் போனது. பச்சை அட்டை போட்ட நிலச் சான்றிதழில் அவள் பெயர் தனியாக இருக்கிறது. அதை அவள் பித்தளைப் பாத்திரங்களோடு அலமாரியில் வைத்திருக்கிறாள். எங்கள் வீட்டிலும் சட்டப்படி எனக்குச் சமபாகம்தான். ஆனால் ‘அக்காவுக்கு எதற்கு வயல், அதுவும் அவ்வளவு தூரத்திலிருந்து’ என்று சித்தப்பா சொன்னபோது அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பட்டுப்புடவை வந்தது.

குடியுரிமையை மாற்றிக்கொள்ளேன் என்கிறார்கள். தகுதி வந்து ஆண்டுகள் ஆகின்றன. மாற்றினால் இங்கே என் பெயரிலும் நிலச் சான்றிதழ் வரும். ஆனால் அதன்பின் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது. நான் அங்கே வாங்கப்போவதில்லை, கையில் காசும் இல்லை; இருந்தாலும் அந்தக் கதவை என் கையாலேயே சாத்த மனம் வரவில்லை. படிவம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

இத்தனைக்கும் நான் இங்கே நன்றாகவே வேரூன்றிவிட்டேன். எல்லாரும் என்னைப் ‘பூ’ என்கிறார்கள். அம்மா என்று பொருள்படும் ‘இபு’வின் சுருக்கம் அது. மல்லிகையை மணப்பெண் மட்டுமே சூடும் ஊரில் அந்தப் பெயராவது கிடைத்ததே. மாதச் சீட்டு உண்டு, அதற்கு ‘அரிசான்’ என்று பெயர். கல்யாண வீட்டில் யார் எவ்வளவு வைத்தார் என்று நம் மொய் நோட்டைப் போலவே எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிறார்கள். வாசல் தூணில் ஒரு சிறு டப்பா தொங்கும்; இரவுக் காவலுக்கு வருபவர்கள் அதிலிருப்பதை எடுத்துக்கொண்டு போய் ஊர்ப் பொதுக்கணக்கில் சேர்ப்பார்கள். ‘ஜிம்பித்தான்’, அதாவது ஒரு சிட்டிகை. முன்பு அரிசி, இப்போது பல வீடுகளில் 500 ரூப்பியா நாணயம். நான் இன்னும் அரிசிதான் போடுகிறேன். அம்மா உலை வைக்கும்முன் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று தனிக் குடுவையில் போட்டு வைப்பாள். அந்தக் கைப்பழக்கம் நாணயத்துக்கு வர மறுக்கிறது. காவலுக்கு வரும் இளைஞர்கள் என் டப்பாவை மட்டும் தலைகீழாகத் தட்டும் சத்தம் நள்ளிரவில் கேட்கும்.

தண்ணீருக்கும் குறைவில்லை. மெராப்பி எரிமலையின் அடிவாரத்தில் ஊற்றுகள் ஆண்டு முழுதும் பொங்குகின்றன. ‘உலு-உலு’ எனப்படும் ஊர் நீர்ப்பங்கீட்டாளர் முறை வைத்துத் திறந்துவிடுகிறார். ஆண்டுக்கு மூன்று போகம்கூட எடுக்கிறார்கள். இந்த ஊரில் யாரும் தண்ணீருக்காகக் காத்திருப்பதில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஜூன் 12 ஆனால் மேட்டூர் திறந்தார்களா என்று கைப்பேசியைத் துழாவுகிறேன். வெடித்துக் கிடக்கும் வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் வரும். அதற்கு முன்னால் நாங்கள் ஓடுவோம். அப்பா மதகடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். இங்கே கணவர் ‘தண்ணீர் எங்கே போய்விடும்?’ என்று தமிழிலேயே கேட்கிறார். பதில் சொன்னால் விளங்காது.

எனக்கென்று இங்கே ஒன்று உண்டு. கொல்லையில், சோலோ நகரத்துத் தமிழ்க் குடும்பமொன்று தந்த கன்றிலிருந்து வளர்த்த கறிவேப்பிலை. நிலம் வேறு, அதன் மேல் நிற்கும் மரமும் வீடும் வேறு என்பது இவர்களின் பழைய வழக்கம். ‘மண் அவனுடையது, மரம் உன்னுடையது’ என்று மாமியாரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். சாலையோரப் புறம்போக்குப் புளியமரங்களுக்குத் தாத்தா வைத்திருந்த, நிலம் அரசுக்கு, மரம் மட்டும் நமக்கு என்னும் 2சி பட்டாவின் மஞ்சளேறிய தாள் உடனே நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சென்ற மாதம் அந்த மரத்தின் வேர், எல்லைக்கல்லுக்கு அடியில் புகுந்து, நாத்தனார் பங்கில் இரண்டு பக்கக்கன்றுகளைத் தள்ளியிருக்கிறது. மண் அவளுடையது, வேர் என்னுடையது, கன்று யாருடையது என்று மாமியாருக்கும் தெரியவில்லை. நாத்தனார் கையில் அரிவாளோடு வந்து, ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு, பிறகு இடுப்பை வளைத்துக் குனிந்து, ஊர்ப் பெரியவரிடம் பேசுகிற அதே பணிவோடு அந்தக் கன்றைக் கேட்டாள்: ‘பாதே திண்டாக் புண்டி?’