திருவக்கரையில் காளியும் கல்மரங்களும்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரைக்குப் பெரும்பாலும் பௌர்ணமி அன்றுதான் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். நாங்கள் சாதாரண நாளில் போனதால் வக்கிரகாளியம்மன் சந்நிதியில் நின்று நிதானமாகத் தரிசிக்க முடிந்தது. ராஜகோபுரத்தைக் கடந்ததுமே அம்மன். காதில் குழந்தையையே குண்டலமாக அணிந்திருக்கிறாள். வக்கிராசுரனின் தங்கை துன்முகியை வதம் செய்தபோது அவள் கருவுற்றிருந்தாள். அந்தச் சிசுவைத்தான் அம்மன் காதில் அணிந்தாள் என்கிறது தலபுராணம். அசுரனைச் சக்கரத்தால் அழித்த வரதராஜப் பெருமாளும் இதே கோயிலில் இருக்கிறார். மூலவர் சந்திரமௌலீஸ்வரர், முகங்கள் கொண்ட லிங்கத் திருமேனி. சம்பந்தர் பாடிய தலம்.

கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது தேசியக் கல்மரப் பூங்கா. ஊரார் வாய்வழிக் கதையில் அங்கே சிதறிக் கிடப்பவை வக்கிராசுரனின் எலும்புகள். நேரில் பார்த்தால் அப்படிச் சொன்னவர்கள் மேல் குறை காண முடியாது. செம்மண்ணில் பாதி புதைந்த நீளமான தண்டுகள், வெளிறிய நிறம், முறிந்த முனைகள். குனிந்து பார்த்தேன். பட்டையின் வரிகள், கிளை முளைத்த கணு, மரத்தின் நார் ஓட்டம் எல்லாம் அப்படியே தெரிகின்றன. தொட்டால் மட்டும் வெயிலில் காய்ந்த கல்.

சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் அடித்துவந்த மணலும் கூழாங்கல்லும் களிமண்ணும் இங்கே அடுக்கடுக்காகப் படிந்தன. மேலே படிந்தவற்றின் பாரம் கீழடுக்கை நெருக்கியது. மணலின் இடுக்குகளில் ஊறிய நீர் தன்னில் கரைந்திருந்த சிலிக்காவையும் இரும்புத் தாதுவையும் அங்கேயே விட்டுச்செல்ல, அவை சுண்ணாம்புச் சாந்து போல மணற்பருக்கைகளைப் பிணைத்தன. அப்படி உருவானதுதான் கடலூர் மணற்கல் என்னும் படிவுப் பாறை. இந்த மண்ணின் சிவப்பும் அந்த இரும்பு தந்ததே.

மரங்களும் அந்த வெள்ளத்தில் வந்தவைதான். எந்தத் தண்டிலும் வேரோ கிளையோ இலையோ இல்லை. எல்லாம் படுத்தே கிடக்கின்றன. நின்ற இடத்திலேயே மடிந்த காடாக இருந்தால் அடிமரமாவது வேரோடு மிஞ்சியிருக்கும். மணல் உடனே மூடியதால் காற்று புகவில்லை, மட்கவில்லை. மரத்தின் நுண்ணறைகளுக்குள் சிலிக்கா மெல்ல மெல்ல நிறைந்து மரமே கல்லாயிற்று. புளி, ஆமணக்குக் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் இவற்றில் உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அசுரனின் எலும்பா, ஆற்றில் வந்த மரமா என்று எனக்குள் வழக்கு எதுவும் எழவில்லை. காளியைக் கும்பிட்ட கையோடுதான் கல்மரத்தையும் தொட்டேன். வருத்தமெல்லாம், இவ்வளவு தூரம் வந்தவர்கள் எலுமிச்சை விளக்கு ஏற்றிவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடுகிறார்களே என்பதுதான்.

பௌர்ணமி இரவு ஜோதி தரிசனத்துக்கு வருகிறவர்கள் பகலிலேயே வந்துவிட்டால் பூங்காவையும் பார்க்கலாம். தண்ணீர் கொண்டுபோங்கள், உச்சிவெயில் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். சிறு துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் அது.