ஆடி மாசத்துல ஒரு வெப்சைட்

ஜூலை 17, வியாழன்

ஆடி பொறந்துடுச்சு. இனி ஆவணி முகூர்த்தம் வரைக்கும் கேமரா பேகுக்கு ரெஸ்ட். கடையில உக்காந்து ஈ ஓட்டுறதுக்கு, ரெண்டு வருஷமா தள்ளிப்போட்டுட்டு வர்ற வெப்சைட் வேலைய தொட்டுடலாம்னு நெனச்சேன். இதுவரைக்கும் யாராச்சும் "உங்க வேலைய பாக்கணுமே"ன்னு கேட்டா வாட்ஸப்ல இருபது போட்டோ தள்ளி விடுவேன், அது அமுங்கி நசுங்கி போய் சேரும், அந்த வீட்டு குடும்ப குரூப்ல வேற நாலு ஸ்டுடியோ போட்டோவோட கலந்துடும், எது நம்மளுதுன்னு அவங்களுக்கே தெரியாது. கும்பகோணத்துல ஒருத்தர்கிட்ட விசாரிச்சேன், செஞ்சு தர 22,000, அப்புறம் வருஷா வருஷம் 6,000ன்னாரு. அந்த காசுக்கு பழைய 85 எம்எம் லென்ஸ் ஒண்ணு பாத்துடலாம். நானே பண்றேன். பட்ஜெட் 1,500, அதுக்கு மேல ஒரு ரூபா கெடையாது.

ஜூலை 19, சனி

அக்கா மக காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறா, அவள போன்ல புடிச்சேன். சைட் கட்டுற சாஃப்ட்வேர் வேர்ட்பிரஸ் வேணுமா பாப்பான்னு கேட்டதுக்கு, "எதுக்கு மாமா, நீங்க என்ன தினமும் செய்தியா போடப்போறீங்க? அதுக்கு காசு குடுத்து ஹோஸ்டிங், அதான் சைட்ட நெட்ல வச்சிருக்க எடம், எடுக்கணும், அடிக்கடி அப்டேட் பண்ணணும், விட்டா எவனாவது உள்ள பூந்துடுவான். விஷயம் இருக்குற ஒரே ஒரு எச்டிஎம்எல் பக்கம், அதோட தோற்றத்துக்கு ஒரு சிஎஸ்எஸ் ஃபைல், ஒரு படம் ஃபோல்டர், அவ்ளோதான் உங்களுக்கு"ன்னா. சைட்ட நெட்ல ஏத்த கிட்ஹப் பேஜஸ் ஃப்ரீதானேன்னு என் அரைகுறை அறிவ எடுத்து விட்டேன். ஃப்ரீதான், ஆனா தொழில் நடத்துறதுக்கு அதை ஹோஸ்டிங்கா வச்சுக்கக் கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்காம், அதனால கிளவுட்ஃப்ளேர் பேஜஸ். அதுவும் ஃப்ரீ, ஒரு ஃபைல் 25 எம்பிக்குள்ள இருக்கணும், மொத்தம் 1,000 ஃபைல் வரைக்கும், ஃபோல்டர அப்படியே இழுத்து போட்டா போதும். எனக்கு இந்த இழுத்து போடுறது புடிச்சிருக்கு, பென்டிரைவ்ல காப்பி பண்ற மாதிரி.

ஜூலை 22, செவ்வாய்

பதினோரு வருஷம், நாலு ஹார்ட் டிஸ்க், அதுல ஒண்ணு டிக் டிக்னு சத்தம் போடுது. முதல் ரவுண்டுல 600 படம் எடுத்தேன், ரெண்டாவது ரவுண்டுல 210. அதுல பாதிக்கு மேல தாராசுரம் கோயில்ல எடுத்தது. எல்லா ஜோடியும் அந்த கல்லுச் சக்கரத்துக்குப் பக்கத்துல நிக்குது, எல்லா பொண்ணும் அதே பக்கமா தலைய சாய்க்குது. கோயில் 2004லயே யுனெஸ்கோ பட்டியல்ல ஏறுன கோயில், ரெண்டாம் ராஜராஜ சோழன் கட்டுனது, அதுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல, ஆனா என் படத்துலயும் அடுத்த தெரு ஸ்டுடியோ படத்துலயும் பேர மாத்தி போட்டா எனக்கே தெரியாது. ஒண்ணே ஒண்ண வச்சுகிட்டு மீதிய தூக்கிட்டேன், மனசு கேக்கல, திரும்ப ரெண்ட சேத்தேன், ராத்திரி சாப்ட்டு வந்து அந்த ரெண்டையும் தூக்கிட்டேன்.

தாலி கட்டுற நிமிஷத்துல பொண்ணோட அப்பா கண்ண தொடைக்கிறது, பந்தியில இலைக்கு காத்துட்டு இருக்குற பசங்க, நலங்குல மஞ்சள் அப்புன கை. இப்படிப்பட்டது நெறைய இருக்கு, ஆல்பத்துல எவனும் கேக்கல, அதனால நானும் மறந்தே போயிட்டேன். அப்புறம் சுவாமிமலை பட்டறை ஒண்ணுக்கு எடுத்த நடராஜர். பளபளன்னு இருக்குற செலைய எடுக்கறது பெரிய ரோதனை, கேமராவும் நம்ம மூஞ்சியும் அதுலயே தெரியும். வெள்ளை வேட்டிய கயித்துல கட்டி அதுக்கு பின்னாடி லைட்ட வச்சுதான் எடுத்தேன். அது இருக்கட்டும்.

மொத்தம் 38.

ஜூலை 24, வியாழன்

38லயும் இருக்குறவங்களுக்கு போன் போட்டு, படத்த பொதுவுல போடலாமான்னு கேட்டுட்டேன். முக்கால்வாசி பேரு "தாராளமா போடுங்கண்ணே". ரெண்டு வீட்ல கொழந்த படம் வேணாம்னாங்க. ஒரு பொண்ணு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "வேணாண்ணா, நாங்க இப்ப சேர்ந்து இல்ல"ன்னுச்சு. கேட்டது நல்லதாப் போச்சு. அந்த மூணையும் எடுத்துட்டு வேற மூணு.

ஜூலை 27, ஞாயிறு

நேத்து ராத்திரி ஃபோல்டர இழுத்து போட்டேன், பேஜஸ் டாட் டெவ்னு முடியற ஃப்ரீ அட்ரஸ் வந்துச்சு, என் கம்ப்யூட்டர்ல ஜம்முனு இருக்கு. இன்னைக்கு வலங்கைமான் பக்கம் அக்கா வீட்டுக்கு போயி பந்தாவா காட்டலாம்னா, அந்த ஊர்ல சிக்னல் வாய்க்கா மேட்டுலதான் கெடைக்கும். அத்தானோட பழைய போன்ல ஓபன் பண்ணி ரெண்டு பேரும் மேட்டுல நின்னோம். முதல் படம் மேலேருந்து கீழ கோடு கோடா எறங்குது, மடையில தண்ணி வர்ற மாதிரி. பாதி கல்யாணப் பொண்ணு வந்து அதோட நின்னுச்சு. அத்தான் குறுவைக்கு தண்ணி பாக்கப் போயிட்டு திரும்பி வந்தாரு, அப்பவும் பாதி பொண்ணுதான். "மாப்ள, இது எப்ப முழுசா வரும்?"னு சிரிக்காம கேட்டாரு பாருங்க.

வீட்டுக்கு வந்து கணக்கு பாத்தா பக்கம் மொத்தம் 340 எம்பி! கேமராவுலேருந்து வந்த 24 மெகாபிக்சல் ஜேபெக்க அப்படியே போட்டிருக்கேன். எனக்கு வேலை குடுக்குறவங்க இப்படிப்பட்ட மேட்டுலேருந்துதான் பாக்கப் போறாங்க, என் கடை ஃபைபர்லேருந்து இல்ல.

ஜூலை 29, செவ்வாய்

எடைய கொறைக்கிற நாள். ஸ்க்வூஷ்னு கூகுளோட ஃப்ரீ டூல் பிரவுசர்லயே ஓடுது. ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு சைஸ், போனுக்கு 800 பிக்சல் அகலம், கம்ப்யூட்டருக்கு 1600, ரெண்டும் வெப்பிங்கிற (WebP) லேசான பட ஃபார்மட்ல, குவாலிட்டி 75. ஒன்பது எம்பி படம் 80 கேபி ஆயிடுச்சு, பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன், போன்ல வித்தியாசம் தெரியல. எந்த போனுக்கு எந்த சைஸுன்னு பிரவுசரே எடுத்துக்க எஸ்ஆர்சிசெட், கீழ இருக்குற படம் தள்ளினா மட்டும் வர்றதுக்கு லோடிங் லேஸி. இது ரெண்டும் ஒரு வரி சமாச்சாரம்தான், பாப்பா சொல்லித் தந்தா. படத்தோட அகலம் உயரத்தயும் எழுதணும், இல்லாட்டி படம் வரவர பக்கம் குதிக்கும்.

ஒரு எடத்துல மாட்டிகிட்டேன். அரக்கு கூறப்புடவ எல்லாம் வெளுத்துப் போய் செங்கல் கலர்ல நிக்குது. என் கேமரா அடோபி ஆர்ஜிபிங்கிற கலர் செட்டிங்ல இருந்திருக்கு, சுருக்கும்போது கலர் ப்ரொஃபைல் கழண்டு போச்சு. படம் திருத்துற லைட்ரூம்லேருந்து, நெட்டுக்கு ஏத்த எஸ்ஆர்ஜிபி கலர்ல திரும்ப எக்ஸ்போர்ட், திரும்ப 38 படம், திரும்ப ரெண்டு சைஸ். ராத்திரி ஒண்ணரை மணி.

ஜூலை 31, வியாழன்

ஆல்பத்துக்கு அடிச்சு வச்சிருந்த தமிழ் வரிகள எடுத்து பக்கத்துல ஒட்டுனேன், இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டுது. நம்ம ஆளுங்க பத்து வருஷமா பாமினி ஃபாண்ட்லயே அடிச்சு பழகிட்டோம்ல, அது எல்லா எடத்துலயும் தமிழாவே தெரியற யூனிகோட் இல்ல. எல்லாத்தயும் போன்ல திரும்ப டைப் பண்ணி, நோட்டோ சான்ஸ் தமிழ்ங்கிற ஃபாண்ட் போட்டேன்.

அப்புறம் எட்டு படம் நெட்ல மட்டும் வரல, என் கம்ப்யூட்டர்ல வருது. ரெண்டு மணி நேரம் போச்சு. கேமரா வச்ச ஃபைல் பேர்ல டிஎஸ்சி (DSC) பெரிய எழுத்து, நான் உள்ள எழுதுனது சின்ன எழுத்து. விண்டோஸுக்கு ரெண்டும் ஒண்ணு, சர்வருக்கு வேற வேறயாம். எல்லா பேரயும் சின்ன எழுத்தாக்கிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. வேலை இல்ல, சும்மா பகவத் படித்துறைக்கு போனேன். ஆத்துல தண்ணி ஓடுது, படியில காதோலை கருகமணி, பொம்பளைங்க மஞ்ச கயிறு மாத்துறாங்க, ஒரு பாட்டி பேத்தி கழுத்துல கயித்த கட்டிட்டு கண்ண மூடிகிட்டு இருந்துச்சு. கேட்டுட்டு எடுத்தேன். 39.

ஆகஸ்ட் 6, புதன்

சைட்டுக்கு சொந்த அட்ரஸ், டாட் இன்னு முடியற டொமைன், 499. கட்டப்போற நேரத்துல கீழ பொடி எழுத்த பாத்தா அடுத்த வருஷத்துலேருந்து 1,050. இன்னொரு எடத்துல முதல் வருஷம் 680, ரினியூவலும் கிட்டத்தட்ட அதே. ரெண்டாவதயே எடுத்தேன். ஈமெயில் வேணுமா, ஹோஸ்டிங் வேணுமான்னு கேட்ட எல்லா டிக்கயும் எடுத்து விட்டுட்டேன். அந்த அட்ரஸ் கிளவுட்ஃப்ளேருக்கு போறதுக்கு நேம்சர்வர மாத்தி விட்டாச்சு, பூட்டு போட்ட எச்டிடிபிஎஸ் தானா வந்துடும்னா பாப்பா. சாயங்காலம் வந்துடுச்சு.

ஆகஸ்ட் 9, சனி

லிங்க வாட்ஸப்ல போட்டா வெறும் எழுத்தா வருது, படம் இல்ல. லிங்க்கோட எந்த படம் வரணும்னு சொல்ற ஓஜி இமேஜ் வரியில படத்தோட முழு அட்ரஸ் குடுக்கணுமாம், நான் ஃபைல் பேர மட்டும் குடுத்திருந்தேன். இப்ப நலங்கு மஞ்சக் கை படம் வருது. மேலயே போன் நம்பர், தொட்டா கால் போகும். ஃபார்ம் எல்லாம் கெடையாது, நம்ம ஊர்ல யாரும் நிரப்பப் போறதில்ல. பாக்கேஜ் ரேட்டயும் போட்டுட்டேன், சக தொழில்காரங்க திட்டுவாங்க, திட்டட்டும்.

அத்தானுக்கு அனுப்புனேன். வாய்க்கா மேட்டுலேருந்து போன்: "மாப்ள, பொண்ணு முழுசா வந்துடுச்சு."

ஆகஸ்ட் 13, புதன்

வெப்சைட்ட பாத்துட்டு வந்த முதல் கால். மத்தியானம் ரெண்டரைக்கு, சோத்த பாதியில வச்சுட்டு ஓடி எடுத்தேன். "சார், உங்க பக்கம் பாத்தோம், படமெல்லாம் ரொம்ப நல்லாருக்கு"ன்னாரு. கல்யாணம் என்னைக்கு சார்னேன். "கல்யாணம்லாம் இல்ல சார், பையனுக்கு பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி வேணும், எட்டு மணி வரைக்கும் கடை இருக்குமா?"

இருக்கும்னேன். ரேட்டுக்கு கீழ பாஸ்போர்ட் சைஸ்னு ஒரு வரி சேத்து ஃபோல்டர திரும்ப இழுத்து போட்டுட்டு, ஆறிப்போன சோத்த சாப்ட உக்காந்தேன்.