கான்டர்பரிப் பெண்களின் மன்றாட்டு

இங்கிலாந்தின் கான்டர்பரிக்கு வந்த முதல் மாரிகாலத்தில், பின்நேரம் நாலு மணிக்கே ஊர் இருண்டுவிடும். முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து திரும்பும் வழியில் பேராலயத்தின் மாலை வழிபாட்டில் போய் இருப்பேன். பாதிதான் விளங்கும், ஆனாலும் பாடகர் குழு பாடத் தொடங்கினால், மன்னாரில் எங்கள் கோயிலில் அம்மம்மாவின் பக்கத்தில் முழங்காலில் நிற்பதுபோல் இருக்கும்.

அந்த இல்லத்தில் கண் மங்கிப்போன ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். தனக்கு வாசித்துக் காட்டும்படி அவர் தந்த புத்தகம், டி. எஸ். எலியட்டின் 'மர்டர் இன் த கதீட்ரல்' (பேராலயத்தில் கொலை) என்ற கவிதை நாடகம். 1170 டிசம்பர் 29 அன்று பேராயர் தாமஸ் பெக்கெட்டை இரண்டாம் ஹென்றி மன்னனின் வீரர் நால்வர் இதே பேராலயத்துக்குள் வெட்டிக் கொன்ற கதை அது. 1935 இல் முதன்முதலாக மேடையேறியதும் இந்த வளாகத்தில்தான். குற்றம் புரிந்த குருமாரைத் தண்டிக்கும் உரிமை அரசனுக்கா, திருச்சபைக்கா என்ற பிணக்கு, ஒருகாலத்தில் மன்னனின் உற்ற நண்பராக இருந்த பெக்கெட்டை ஆறு ஆண்டுகள் பிரான்சில் தஞ்சமடைய வைத்திருந்தது.

நாடகத்தில் தாமஸைச் சோதிக்க நால்வர் வருகிறார்கள். பழைய களியாட்டத்தையும் பதவியையும் பிரபுக்களின் கூட்டணியையும் காட்டும் முதல் மூவரை அவர் எளிதில் அனுப்பிவிடுகிறார். நான்காமவன் காட்டுவது வேதசாட்சியின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விடுபவரின், மகிமையை; அது அவர் மனத்திலேயே ஒளிந்திருந்த ஆசை. சரியான செயலைத் தவறான நோக்கத்துக்காகச் செய்வதே மிகப் பெரிய துரோகம் என்று தாமஸ் உணரும் இடத்தில் நான் வாசிப்பை நிறுத்திவிட்டேன். சாவுக்குப் புகழ் சேர்த்துப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, சாகப்போகிறவனே தன் நோக்கத்தை இவ்வளவு கடுமையாக விசாரிப்பது புதிது.

ஆனால் என்னை முழுவதும் ஆட்கொண்டவர்கள் நாடகம் முழுக்கப் பேசும் கான்டர்பரியின் ஏழைப் பெண்கள். எதுவும் நடக்காமல் இருந்தால் போதும், திரும்பப் பிரான்சுக்கே போய்விடுங்கள் என்று அவர்கள் பேராயரைக் கெஞ்சுகிறார்கள். கொலை நடக்கும்போது, காற்றைக் கழுவுங்கள், கல்லைக் கல்லிலிருந்து பெயர்த்தெடுத்துக் கழுவுங்கள் என்று அலறுகிறார்கள். கடைசி மன்றாட்டில் தங்களைத் துடைத்துப் பெருக்குகிற பெண்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அன்று காலை நானும் அந்த இல்லத்தின் நிலத்தைத் துடைத்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கையில் எடுத்திருந்தேன்.

எங்கள் மன்னாருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1544 இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி அங்கே படை அனுப்பி, கத்தோலிக்க மறையைத் தழுவிய ஏறக்குறைய 600 பேரைக் கொல்வித்தான். அவர்கள் போர்த்துக்கேயர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்ற அச்சமும் அதற்குக் காரணம். அங்கும் அரசுக்கும் மறைக்கும் நடுவில் அகப்பட்டது எளிய சனம்தான். பேராலயத்தில் கொலை நடந்த மூலையில், தரைக்கல்லில் தாமஸ் என்ற பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. அம்மம்மா வேதசாட்சிகள் என்று சொல்லிச் செபித்த அந்த அறுநூறு பேரில் ஒருவரின் பெயரைக்கூட நான் அறிந்ததில்லை.

கதவை அடைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் குந்தியிருந்த எங்களை மன்னியும் ஆண்டவரே என்ற அந்தப் பெண்களின் வரியை மூதாட்டி மறுபடியும் கேட்டார். இரண்டாம் முறை, உங்கள் மொழியில் சொல்லுங்கள் என்றார். ஷெல் சத்தம் கேட்ட இரவுகளில் அம்மம்மா கதவை அடைத்துவிட்டுச் செபமாலை சொன்ன அதே தணிந்த குரலில், தமிழில் சொன்னேன்.